டாக்டர் சொன்ன சூடு

மலையாண்டி கட்டிய கவுளியில் பழுப்பு இலை இருக்காது என்பது வெற்றிலை மண்டியில் எல்லோருக்கும் தெரியும். நூறு வெற்றிலை சேர்ந்தது ஒரு கவுளி. மற்றவர்கள் கொண்டுவரும் கவுளியை முதலாளி உமர் பாரூக் அவிழ்த்து, சீட்டுக்கட்டு மாதிரி விசிறிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வார். மலையாண்டியின் கூடையை மட்டும் மேலே மூடிய வாழைச்சருகைக்கூட விலக்காமல் உள்ளே வைக்கச் சொல்வார். எண்பத்தாறாம் வருடம் மாசி மாதம், அந்தக் கூடையிலிருந்து கல்யாண வீட்டுக்குப் போன வெற்றிலை திரும்பி வந்தது.

உமர் பாரூக் ஒரு கவுளியை அவிழ்த்தார். பச்சைக்கு நடுவே மஞ்சளாக நாலைந்து இலைகள்.

“என்ன மாப்ள, வெத்தலக் கொடிக்காலுக்குள்ள மஞ்சக்கெழங்கு ஊடுபயிர் போட்டிருக்கியா?”

மலையாண்டி இலையை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார்.

“செல்லத்தாயி கட்டிருப்பா மாமா.”

“பொண்டாட்டி தலையில போடாத. முடிச்சு ஒன் முடிச்சு.”

“அப்ப வெயிலு. கூடையிலயே பழுத்திருக்கும்.”

“ஒரு ராத்திரியில எல பழுக்காதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதேன். கண்ண எப்பக் காமிச்ச?”

“கண்ணுக்கென்ன? பஸ்ஸு போர்டெல்லாம் வாசிக்கிறேன்ல.”

“வாசிக்கிறியா, கண்டக்டர் கத்துறதக் கேட்டு ஏறுறியா?”

கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மலையாண்டியும் சிரித்தார்.

நான் அந்த மண்டியில் பகலில் சீட்டு எழுதிக்கொண்டு, சாயங்காலம் கல்லூரி மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோச்சடையில் மலையாண்டி வீட்டில் சாப்பாடு. இதில் நான் நேரில் பார்த்தது பாதி. மீதி அவர் மனைவி செல்லத்தாய் சொல்லிக் கேட்டது. எது எந்தப் பாதி என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்ட இடத்தை எனக்கே நிச்சயமில்லாத இடமாக எடுத்துக்கொள்ளலாம்.

உமர் பாரூக்குக்கும் மலையாண்டிக்கும் ஒரே வியாதி, சீனி. மலையாண்டி அதற்கு மாத்திரை போட்டுக்கொள்வதோடு சரி. உமர் பாரூக் வருடத்துக்கு ஒருமுறை கே.கே. நகரில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உள்ளே பார்க்கச் சொல்லிவிட்டு வருவார். அன்று முழுக்கக் கறுப்புக் கண்ணாடியோடு கல்லாவில் உட்கார்ந்திருப்பார்.

“ஒங்களுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு மாமா, எதுக்கு வருசா வருசம் போறிய?” என்று மலையாண்டி கேட்டிருக்கிறார்.

“நல்லாருக்குன்னு அவர் வாயால கேக்கத்தேன் போறேன். அல்லா புண்ணியத்துல இதுவரைக்கும் ஒண்ணும் இல்லம்பாரு. இருக்குன்னு சொன்னா அன்னைக்கே வைத்தியம் பண்ணிக்குவேன். கண்ணு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்குமாம் மாப்ள, வெளிய ஒண்ணும் தெரியாதாம்.”

“எனக்கென்னவோ, ஒரு கண்ணாடி போட்டாச் சரியாப் போயிரும்.”

மலையாண்டியின் பார்வை குறைந்தது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் கொடிக்காலே காரணம் என்று நினைக்கிறேன். ஆற்றோரம் அகத்தி மரங்கள் நெருங்கி நிற்க, அவற்றின் மேல் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும். பங்குனி வெயிலில் வெளியே மண் சுட்டாலும் உள்ளே ஈரமும் அரை இருட்டும்தான். விரலில் தகர நகம் மாட்டிக்கொண்டு ஏணியில் நின்று, இலையைக் காம்போடு கிள்ளித் தோளில் தொங்கும் சாக்கில் போடுவார். கிள்ளுவதற்கு விரல் போதும். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தரம் பிரிக்கும்போதுதான் கண் வேண்டும். கொழுந்து ஒரு பக்கம், முற்றிய இலை ஒரு பக்கம், பழுப்பு ஆட்டுக்கு.

கொடிக்கால் குத்தகை நிலம். இலை மட்டமாகப் போனால் குத்தகை வேறு கைக்குப் போகும். அதனால்தான் கடைசியில் சம்மதித்தார்.

கே.கே. நகருக்கு அவரைக் கூட்டிப்போனவள் செல்லத்தாய். பங்குனி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார்கள். அங்கே நடந்ததை அன்று மத்தியானமே, அகத்திக்கீரையை உருவிக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

“மொதல்ல சொட்டு மருந்து தம்பி. விட்டு, ஒக்கார வச்சு, பெறகும் விட்டாக. ஆட்டுக்கண்ணு மாதிரி முழிச்சுக்கிட்டு இருந்தாரு. பெறகு ஒரு மெசின்ல தாடைய வைக்கச் சொல்லி, கையில மஞ்சளா ஒரு ஊசி. சாய ஊசியாம். அது ரத்தத்தோட கண்ணுக்குள்ள போறப்ப படார் படார்னு வெளிச்சம் அடிச்சுப் போட்டோ புடிக்கிறாக. மூஞ்சிக்கு இல்ல தம்பி, கண்ணுக்குள்ள, முதுகுப் பக்கம்.”

“எந்திரிச்சு ஓடிறலாம்னு இருந்துச்சு,” என்றார் மலையாண்டி. “வாந்தி வாரமாதிரி வேற.”

“நர்சம்மா முன்னாடியே சொல்லிருச்சு. ஒடம்பு மஞ்சளாத் தெரியும், ஒண்ணுக்கும் மஞ்சளாப் போகும், ரெண்டு நாள்ல சரியாப் போகும், தண்ணி நெறையக் குடிங்கன்னு.”

டாக்டர் சொன்னதை மலையாண்டி தம் பாஷையில் சொன்னார். “கொடி வேண்டாத கணுவுல சல்லிவேரு விடும்ல, அதுமாதிரி கண்ணுக்குள்ள புதுசு புதுசா ரத்தக்கொழா மொளச்சிருக்காம். ஒடஞ்சா உள்ள ரத்தம் கொட்டிருமாம். கொட்டுறதுக்குள்ள சூடு வைக்கணுமாம். பிலிமக் கழுவிப் பாத்து, எந்தெந்த எடத்துல வைக்கணும்னு குறிச்சு வச்சிருப்பாராம். அடுத்த வெள்ளிக்கெழம வரச் சொல்லிருக்காரு.”

“சூடுன்னா?” என்றேன்.

“கண்ணுல,” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

“வெளிச்சத்தாலதேன் வைப்பாகளாம், வலிக்காதாம்,” என்றாள் செல்லத்தாய். “நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.”

“ஒனக்கென்ன, ஒங்கண்ணா?”

அடுத்த இரண்டு வாரம் எனக்குப் பரீட்சை, கோச்சடைக்குப் போகவில்லை. இனி வருவது செல்லத்தாய் சொன்னது. அவள் ஒரே மாதிரியாகத்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னாள் என்பதால் நம்புகிறேன்.

சாய ஊசி போட்ட அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் கிளம்பிப்போன பிறகு நடந்தது இது. தம்பியைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சேதி கேட்டு, கருமாத்தூரிலிருந்து மலையாண்டியின் அக்கா ஒச்சம்மாள் வந்துவிட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்ததும் கையிலிருந்த பை கீழே விழுந்தது. நெற்றி, கை, நகக்கண் எல்லாம் மஞ்சள்.

ஒச்சம்மாளின் புருசன் காமாலையில் செத்தவர். வெயில் சூடு, வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டே உழுதுகொண்டிருந்தவரைக் கடைசியில் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். அந்த மஞ்சளை அவள் மறக்கவில்லை.

“ஏத்தா செல்லத்தாயி, கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? இவன் கெடக்குற கெடையப் பாத்துட்டுமா சும்மா இருக்க?”

“அது சாயம் மதினி. ஊசியில சாயம் போட்டிருக்காக.”

“சாயமா? மனுசனுக்கா? அவன் என்ன வேட்டியா, சேலையா, தொட்டியில முக்கி எடுக்க?”

“நர்சம்மா சொன்னாக மதினி.”

“எம்புருசனுக்கும் ஒண்ணுமில்லன்னுதேன் சொன்னாக.”

ஒச்சம்மாள் அதோடு விடவில்லை. ஒரு சிரட்டையைத் தம்பி கையில் கொடுத்துக் கொல்லைக்கு அனுப்பினாள். அவர் கொண்டுவந்ததில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டாள். காமாலை இருந்தால் சோறு மஞ்சள் பிடிக்கும். இதுதான் அவர்கள் ஊரில் சோதனை. பருக்கை மஞ்சள் பிடித்தது மட்டுமில்லை, சாய்ந்த வெயிலில் பச்சையாக மின்னியது.

“எம்புருசனுக்குக்கூட இம்புட்டு இல்லடி,” என்று ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “முத்திப்போச்சு.”

அந்தப் பருக்கையைப் பார்த்ததும் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று செல்லத்தாய் சொன்னாள். நர்ஸ் சொன்னது காதில் இருந்தது. பருக்கை கண்ணெதிரே இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் ஒச்சம்மாள் தம்பியைக் கருமாத்தூர்ப் பக்கம் காசிமாயன் என்ற காமாலை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். செல்லத்தாயும் கூடப் போனாள். காசிமாயன் நாக்கை நீட்டச் சொன்னார், இமையைப் பிதுக்கிப் பார்த்தார். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தார். மஞ்சள் கிழங்கைத் தணலில் பழுக்கச் சுட்டு எடுத்துக்கொண்டு, “கைய நீட்டு,” என்றார்.

“என்ன?” என்றார் மலையாண்டி.

“சூடு. மூணு வச்சாத்தேன் எறங்கும்.”

மலையாண்டி அக்காவைப் பார்த்தார். “டாக்டரும் சூடு வைக்கணும்னுதேன் சொன்னாரு.”

ஒச்சம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. “சொன்னாருல்ல? அப்ப அந்தாளுக்கும் தெரிஞ்சிருக்கு. வாயத் தொறந்து காமாலைன்னு சொன்னாத்தேன் என்ன கொறஞ்சு போவாரு?”

“அவுக படிச்சதெல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான தாயி,” என்றார் காசிமாயன்.

“அது கண்ணுல வைக்கிற சூடு,” என்றாள் செல்லத்தாய். “இது கையில.”

“கையில வச்சா என்ன, கண்ணுல வச்சா என்ன? ஒடம்பு ஒண்ணுதானடி,” என்றார் மலையாண்டி. சொல்லிவிட்டுச் சட்டைக் கையை அவரே சுருட்டிவிட்டார்.

இந்த இடத்தைச் செல்லத்தாய் சொல்லும்போதெல்லாம் நான் நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அவர் நிஜமாகவே அப்படி நினைத்தாரா? அவள் ஒருதடவை சொன்னாள்: “கண்ணுல வைக்கிறதுன்னதுல இருந்து அந்த மனுசன் தூங்கல தம்பி. கைன்ன உடனே மூஞ்சியில ஒரு தெளிச்சி. அதப் பாத்துட்டு நான் என்னத்தச் சொல்ல?” அதற்குமேல் எனக்கும் தெரியாது.

மணிக்கட்டுக்கு மேலே வரிசையாக மூன்று சூடு. மாட்டுக்கு வைப்பதுபோலத் தோல் பொசுங்கிய நாற்றம். மலையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் மஞ்சள் இறங்கிவிட்டது. சாயம் இறங்க வேண்டிய நாள் அது. ஆனால் ஊர் கண்டது காசிமாயனின் மருந்தை. ஒரே நாளில் காமாலையை இறக்கிய வைத்தியர் என்று கருமாத்தூரிலிருந்து நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் பேச்சாகிவிட்டது. இவ்வளவு நல்ல வைத்தியருடைய பத்தியத்தை யார் மீறுவார்கள்? உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பஸ் ஏறக்கூடாது. இங்கிலீஷ் மாத்திரை தொடவே கூடாது. காமாலையில் வெந்த ஈரல் குளிர வேண்டும் என்று காலையில் கரும்புச்சாறு, சாயங்காலம் தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ்.

“சீனி இருக்கு மதினி,” என்று செல்லத்தாய் சொல்லாமல் இல்லை.

“சீனியில எவன் செத்தான்? காமாலையில செத்தவன நான் கண்ணால பாத்தவ.”

ஒச்சம்மாள் தானே கோச்சடை ரோட்டுக்குப் போய் நின்று, கரும்பாலையில் பிழிந்த சாற்றைத் தூக்குவாளியில் வாங்கிவந்தாள். தம்பி குடித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்து, முந்தானையால் ஈ விரட்டினாள்.

டாக்டர் சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. இது நான் நேரில் கண்டது. உமர் பாரூக் ஜும்மாவுக்குக் கிளம்பும் நேரம், வெற்றிலைக் கூடை கொண்டுவந்த வண்டிக்காரரிடம் விசாரித்தார்.

“மலையாண்டி கே.கே. நகர் போனானா, இல்ல பயந்துகிட்டு வீட்டுல கெடக்கானா?”

“சூடு வச்சாச்சாம் பாய். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு.”

“வச்சாச்சா? அல்ஹம்துலில்லா!” உமர் பாரூக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தியா தம்பி, பயந்தாங்கொள்ளி போயிட்டான். இனிமே பழுப்பு வராது.”

அந்தச் சொல்லில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் வரவில்லை. டாக்டர் சொன்னதும் சூடு, வைத்ததும் சூடு.

பங்குனி கடைசியில் ஒருநாள் காலை. மலையாண்டி கொடிக்காலில் ஏணிமேல் நின்றார். கீழே செல்லத்தாய் விழுந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து, “ஏண்டி, இங்க எதுவும் எரியுதா?” என்று குரல் வந்தது.

“எங்க?”

“கரும்பொக எறங்குது.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். அகத்தி இலை, அதற்கு மேலே வெள்ளை வெயில். புகை எதுவும் இல்லை.

“கண்ணுக்குள்ளயே எறங்குது செல்லத்தாயி. செவப்பா ஒரு நூலு வந்துச்சு, இப்பக் கறுத்துருச்சு.”

ஏணியின் இரண்டு பக்கத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கீழே எத்தனை படி என்பது அவருக்கு மறந்துவிட்டதாம். அவள் ஏறி, ஒவ்வொரு காலாகப் பிடித்துப் படியில் வைத்து இறக்கினாள். அது வலது கண். இடது கண்ணில் ஏற்கெனவே மங்கல்.

கே.கே. நகருக்கு இந்தத் தடவை உமர் பாரூக்கும் நானும் கூடப் போனோம். டாக்டர் வலது கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விளக்கை வைத்துவிட்டார்.

“உள்ள ஒண்ணுமே தெரியல. முழுக்க ரத்தம். வரச் சொன்ன அன்னைக்கு ஏன்யா வரல?”

“சூடுதேன் வச்சாச்சே சார்.”

“யார் வச்சா? நான் வைக்கலையே. எந்த ஆஸ்பத்திரியில?”

மலையாண்டி சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். மூன்று சூட்டில் இரண்டு ஆறவில்லை. சீழ் பிடித்து ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். உமர் பாரூக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நர்ஸ் பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து கையைத் துடைக்க ஆரம்பித்தாள். “நான் சொன்னேனே, மஞ்சளாத்தான் இருக்கும்னு சொன்னேனே,” என்று மெதுவாகச் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

டாக்டர் அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே மலையாண்டியின் கண்ணுடைய படங்கள், கறுப்பு வெள்ளையில். சுவரில் இருந்த வெளிச்சப் பெட்டியில் ஒன்றைச் செருகினார். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதில் ஒரு புள்ளியிலிருந்து கிளைத்து ஓடும் நரம்புகள். ஓரங்களில் வெள்ளையாகப் பொங்கிய திட்டுகள். சாயம் ஒழுகுகிற இடங்கள் அவை என்றார். அவற்றைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

“வெள்ளிக்கிழமைக்காகக் குறிச்சு வச்சேன்,” என்றார். “இந்த எடத்துல எல்லாம் வச்சிருந்தா இது கொட்டியிருக்காது. இப்ப இந்தப் படத்துலதான் தெரியுது. கண்ணுக்குள்ள எனக்கே வழி தெரியல.”

“என்ன தெரியுது மாமா?” என்று மலையாண்டி உமர் பாரூக்கைக் கேட்டார்.

உமர் பாரூக் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்: “வெற்றிலையத் திருப்பிப் பாத்தா நரம்பு ஓடுமே, அது மாதிரி இருக்குண்ணே.”

“பழுப்பு விழுந்திருக்கா?”

“விழுந்திருக்கு.”

சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வலது கண்ணில் ரத்தம் கரையவில்லை. இடது கண்ணுக்கு டாக்டரின் சூடு வைத்தார்கள், ஆனால் அதற்குள் தாமதமாகியிருந்தது. ஆடி பிறப்பதற்குள் அதிலும் கொட்டிவிட்டது. மெட்ராசுக்குப் போய் வந்தும் பிரயோசனம் இல்லை. இரண்டு கண்ணுக்கும் வாசல் பக்கம் எது, சுவர்ப் பக்கம் எது என்பது மட்டும் தெரிந்தது.

குத்தகை போகவில்லை. ஏணியில் இப்போது செல்லத்தாய் ஏறினாள். மலையாண்டி முற்றத்தில் உட்கார்ந்து கவுளி கட்டினார். கொழுந்தையும் முற்றலையும் விரல் பிரித்துவிடும். நன்றாகப் பழுத்த இலை தொட்டால் தெரியும். பழுக்க ஆரம்பித்த இலை தெரியாது. அதற்காக ஒச்சம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் கருமாத்தூருக்குத் திரும்பிப் போகவில்லை. செல்லத்தாய் அவளிடம் பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்திவிடுவாள். ஒச்சம்மாளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில்லை. தம்பி முடிச்சுப் போட்டு வைக்கிற கவுளியைச் சத்தம் வராமல் எடுத்து, மெல்லத் தளர்த்தி, பழுப்பை உருவிவிட்டு வேறு இலை செருகி வைப்பாள். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. வெளியூர் ஆள் ஒருவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார்.

“மலையாண்டிங்கிறது?”

“நாந்தேன். யாரு?”

“செக்கானூரணிப் பக்கம்ணே. சங்கிலின்னு பேரு. எம்மகளுக்குக் காமாலை. பெரியாஸ்பத்திரியில சேக்கச் சொல்றாக, வீட்டுல காசிமாயன் வைத்தியர்கிட்டப் போவம்ங்கிறாக. அவரு ஒங்களுக்கு ஒரே நாள்ல எறக்குனாராமே. நெசந்தானான்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்னு...”

செல்லத்தாய் உள்ளே அடுப்பில் இருந்தாள். ஒச்சம்மாளின் கை அப்படியே நின்றது. மலையாண்டி கையிலிருந்த வாழைநாரைக் கவுளியில் சுற்றி இறுக்கினார்.

“நெசந்தேன்,” என்றார். “மறுநாளே எறங்கிருச்சு.”

“அது போதும்ணே!” சங்கிலி கும்பிட்டார். அந்தக் கும்பிடு தெரியவேண்டியவருக்குத் தெரியவில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

“அன்னைக்கி எறங்குன மஞ்சதேன்,” என்றார் மலையாண்டி, கையிலிருந்த கவுளியிடம் சொல்வதுபோல. “அதுக்குப் பெறகு மஞ்சள நான் பாக்கவே இல்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மண்டியில் சிரிப்பாரே, அதே சிரிப்பு.

செல்லத்தாய் கரண்டியோடு வெளியே வந்தாள். “யாரு வந்தது? என்னத்தச் சொன்னிய அந்தாளுகிட்ட?” என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள். “ஏ அண்ணே! நில்லுங்க! போகாதிய, நில்லுங்கண்ணே!” என்ற குரல் தெரு முனை வரைக்கும் கேட்டது. நானும் எழுந்து ஓடினேன். மெயின் ரோட்டில் பஸ் கிளம்பிய சத்தம் கேட்டது. அவர் அதில் ஏறினாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மலையாண்டி அடுத்த கவுளியை எடுத்துக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள், அவர் முடித்து வைத்த கவுளியிலிருந்து ஒரு மஞ்சள் இலையை உருவினாள். அதை ஆட்டுக்குப் போடாமல், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடியில் செருகிக்கொண்டாள்.